கோரைக்கு ஒரு ஸ்பிரேயர், கொழுந்துக்கு ஒரு ஸ்பிரேயர்

களைக்கொல்லி, வேப்பெண்ணெய், மாவுப்பூச்சி, மீன் அமிலம் என்று வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை. பதில் தருவது எங்கள் தோட்டக்கலைக் குழு.

கேள்வி: அரை கிரவுண்டு காலி மனை முழுக்கக் கோரை. இரண்டு தடவை ஆள் விட்டுக் கொத்திப் போட்டும், பதினைந்தே நாளில் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. உரக்கடையில் கடைக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். எதைத்தான் அடிப்பது?
– வாசகர், மணலி

பதில்: கொத்தியதால்தான் கூடிப்போனது. கோரையின் உயிர் மண்ணுக்கடியில், மணி கோத்த மாதிரி வரிசையாக இணைந்திருக்கும் கிழங்குகளில் இருக்கிறது. அந்தச் சரம் அறுபடாதவரை நுனிக் கிழங்குதான் பெரும்பாலும் முளைவிடும், மற்றவை உறங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டி பட்டு அறுந்ததும் உறங்கியதெல்லாம் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஒரு தடவை கொத்தி விட்டுவிடுவது கோரைக்குப் பதியம் போடுகிற வேலை.

கடைக்காரர்கள் சொன்ன மருந்துகள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகச் சொல்லப்படுகிறவற்றைப் பார்த்துவிடுவோம். பாராகுவாட் அடித்தால் மறுநாளே இலை கருகும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கிற மருந்து, கிழங்குக்கு இறங்காது. இரண்டு வாரத்தில் கோரை திரும்பிவிடும். தவறி ஒரு வாய் உள்ளே போனால் முறிமருந்து கிடையாது என்பதால் வீட்டுப் பக்கம் அதைச் சேர்க்கவே வேண்டாம். 2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் கோரையைக் குறிவைத்து வந்த மருந்துதான், ஆனால் கரும்பு வயலில் ஏக்கருக்கு 36 கிராம் என்பது அதன் அளவு. சென்ட்டுக்கு அரை கிராம்கூட வராது. அதை வீட்டுத் தராசில் நிறுத்து அடிப்பது நடக்காத காரியம்.

கிழங்குவரை இறங்குவது கிளைபோசேட். 41 சதவீத மருந்தில் லிட்டருக்கு 10 மில்லி, கூடவே 20 கிராம் அம்மோனியம் சல்பேட். அரை கிரவுண்டுக்கு ஐந்தரை லிட்டர் கலவை போதும். ஆனால் 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் இதை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே அடிக்கலாம் என்று அறிவிக்கை போட்டது. ஆகவே நீங்களே வாங்கி அடிக்காமல், உரிமம் உள்ளவரை வரச்சொல்லுங்கள். வருகிறவரிடம் சில விஷயங்களைக் கவனியுங்கள். கோரை பூவெடுக்கும் முன், இலை பச்சையாகச் செழித்து நிற்கும்போது அடிக்க வேண்டும். வாடி நிற்கும் கோரையிலும், அன்றைக்குக் காலையில் அறுத்துவிட்ட கோரையிலும் மருந்து இறங்காது. மண் துகள் பட்டால் கிளைபோசேட் செயலிழந்துவிடும். கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையோரத்து மனையில் இலைமேல் புழுதி அப்பிக் கிடக்கும். முதல் நாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, இலை காய்ந்தபின் அடிக்கச் சொல்லுங்கள். கலங்கல் தண்ணீரில் கலக்கக் கூடாது. அடித்து 6 மணி நேரத்துக்குள் மழை வந்தால் பணம் போச்சு. ஒரு வாரம் பத்து நாள் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும், பிறகே மஞ்சளாகும். அவசரப்பட்டு நடுவில் பிடுங்கிவிடாதீர்கள். தப்பிய கிழங்கு முளைத்து வரும்போது இன்னொரு சுற்று தேவைப்படும்.

எங்களைக் கேட்டால், கத்திரி வெயில்வரை பொறுக்க முடியுமானால் மருந்தே வேண்டாம். கோரைக் கிழங்குக்கு ஈரம் போனால் உயிர் போகும். மே மாதம் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் புரட்டி, கட்டி உடைத்து, தண்ணீர் காட்டாமல் 4 நாளைக்கு ஒரு தடவை திருப்பிப்போட்டுக்கொண்டே 3 வாரம் வையுங்கள். மேலே வந்த கிழங்கு சுருங்கிச் செத்துவிடும். நடுவில் கோடை மழை பெய்தால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு பூசணியோ சர்க்கரைவள்ளியோ படரவிட்டால் நிழலில் மிச்சக் கோரை எழும்பாது. கறுப்பு பாலித்தீன் விரிப்பை நம்பாதீர்கள், கோரை ஊசிமாதிரி குத்திக்கொண்டு வெளியே வரும்.

ஒன்று விட்டுப்போயிற்று. அக்கம்பக்கத்தார் மூக்கிரட்டையும் சாரணைக் கீரையும் பறிக்க வருகிற மனையா அது? ஆடு மேய்கிறதா? அப்படியானால் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். அடித்தே ஆகவேண்டுமென்றால் முன்னதாகத் தெருவில் சொல்லிவிட்டு, கயிறு கட்டி, பலகை வையுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து மாடித் தோட்டத்தில் அடித்தேன். கலவை திரிதிரியாகத் திரிந்துவிட்டது. எண்ணெய் மேலே மிதந்தது. அடித்த வெண்டையில் இலை ஓரம் கருகிவிட்டது. லிட்டருக்கு 30 மில்லி என்று படித்துத்தான் கலந்தேன். தண்ணீர் எங்கள் போர் தண்ணீர்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பருப்பு வேகாத தண்ணீரில் சோப்பும் கரையாது. உங்கள் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியாகின்றன. சோப்பின் வேலை எண்ணெயைத் தண்ணீரோடு பிணைப்பது. அது திரிந்துபோனால் எண்ணெய் தனியே மிதக்கும். பம்ப் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் பத்துச் செடிக்கு வெறும் தண்ணீரும், கடைசி இரண்டு செடிக்குச் சுத்த எண்ணெயும் போகும். கருகிய வெண்டை நீங்கள் கடைசியாக அடித்த வரிசையில்தான் இருக்கும், பாருங்கள்.

30 மில்லி என்பது தப்பான அளவு இல்லை. வயலுக்குச் சொல்லும் 3 சதவீத அளவு அது. மொட்டை மாடிச் சூட்டில் தொட்டிச் செடிக்கு அது கனம். 5 மில்லியில் தொடங்குங்கள், பூச்சி அதிகமென்றால் 10.

மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் முதல்தரம். இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு கேனில் பிடியுங்கள். அதில் சுண்ணாம்பே இருக்காது. மெட்ரோ வாட்டர் வருகிற நாளில் அதையும் எடுக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் சோப்புக்குப் பதில் உரக்கடையில் விற்கும் ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லியோ, பாத்திரம் கழுவும் திரவம் 1 மில்லியோ சேருங்கள். இவை கடின நீரில் திரியாது. துணிக்குப் போடும் தூள் கூடாது. அதிலுள்ள சோடா இலையைச் சுடும்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் ஒரு கிண்ணத்தில் 5 மில்லி எண்ணெய், 2 மில்லி கரைத்த காதி சோப். தண்ணீர் இல்லாமல் இரண்டையும் நன்றாக அடித்துக் குழையுங்கள். பிறகு ஒரு கரண்டி தண்ணீர், மறுபடி அடிக்கவும், இன்னொரு கரண்டி. மோர் மாதிரி வெளுத்ததும் மீதித் தண்ணீரை ஊற்றலாம். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டுப் பிறகு சோப்பைப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கலந்ததில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் அடிக்கக் கூடாது. அன்று கலந்ததை அன்றே, 2 மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிடுங்கள்.

கடையில் 1,500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று வீரியத்தைப் போட்டு விற்கிற வேம்பு மருந்து வேறு. அதில் கரைப்பான் ஏற்கெனவே சேர்த்திருப்பதால் சோப் தேவையில்லை. முதலாவது லிட்டருக்கு 5 மில்லி. இரண்டாவது 1 முதல் 2 மில்லி.

கேள்வி: பக்கத்து மனையில் களைக்கொல்லி அடித்து ஐந்தாறு நாளில் எங்கள் மாடியில் தக்காளி, வெண்டை, முருங்கைக் கன்று எல்லாம் சுருண்டுவிட்டன. அவர்கள் "அது வைரஸ்" என்கிறார்கள்.
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: இலைச்சுருள் வைரஸ் வெள்ளை ஈ மூலம் ஒவ்வொரு செடியாகப் பரவும். அதுவும் தக்காளியில் வரும் வைரஸ் முருங்கைக்கும் சேர்ந்தாற்போல வராது. வெவ்வேறு குடும்பச் செடிகள், ஒரே வாரத்தில், ஒரே பக்கத்துத் தொட்டிகளில், புதுத் துளிர் நூல்மாதிரி குறுகி, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றால் அது 2,4-டி வகை மருந்தின் சாரல். பக்கத்தில் எலுமிச்சைப் புல்லோ சோளமோ இருந்து அதற்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம். இந்த மருந்து புல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. பட்ட ஒரு மணி நேரத்துக்குள் கழுவியிருந்தால் கொஞ்சம் தப்பியிருக்கும். இப்போது தண்ணீர் மட்டும் சீராக விடுங்கள், யூரியா போட்டுத் துளிர்க்க வைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வரும் துளிர் நேராக இருந்தால் செடி பிழைத்தது. சாரல் பட்டபோது இருந்த காயைச் சமைக்க வேண்டாம். தொட்டி மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை. சில வாரத்தில் மருந்து சிதைந்துவிடும். சந்தேகமிருந்தால் நாலு அவரை விதை போட்டுப் பாருங்கள், முதல் இலை முறுக்காமல் விரிந்தால் மண் சுத்தம்.

பக்கத்து மனைக்காரரிடம் சண்டைக்குப் போவதைவிட நேரத்தைப் பற்றிப் பேசுவது பலன் தரும். நம் பக்கம் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும். அதன்பிறகு அடிக்கிற மருந்து மேற்கே உள்ள வீடுகளுக்குப் போய்ச் சேரும். காலை 6 முதல் 8 மணிக்குள், இலை லேசாக அசையும் காற்றில், நாசிலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குமேல் தூக்காமல், அழுத்தத்தைக் குறைத்து அடித்தால் சாரல் பறக்காது. களைக்கு விசிறி நாசில் அல்லது வெள்ள நாசில்தான். பூச்சிக்கு அடிக்கிற கூம்பு நாசிலைக் களைக்கொல்லிக்குப் போட்டால் துளி பனிமாதிரிப் பறக்கும். பெரும்பாலான வம்பு அந்த நாசிலில்தான் தொடங்குகிறது.

கேள்வி: வினிகர், கல்லுப்பு, பாத்திரம் கழுவும் திரவம் மூன்றும் கலந்தால் எந்தக் களையும் சாகும் என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
– வாசகி, எருக்கஞ்சேரி

பதில்: மளிகைக் கடை வினிகரில் புளிப்பு 4, 5 சதவீதம்தான். இரண்டிலை முளைப்பைக் கருக்கும். அருகம்புல்லையும் கோரையையும் நுனி மட்டும் சுட்டுவிட்டு விடும். அந்தக் கலவையில் நிஜமாகக் கொல்வது உப்பு. அது மண்ணைவிட்டுப் போகாது. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் குடிக்கிற நம் மண்ணில் மேற்கொண்டு உப்பைக் கொட்டினால் அடுத்து வைக்கிற கறிவேப்பிலையும் வராது. சுவரோரம் ஊற்றினால் பூச்சு பொரியும். திறந்த தரிசில் பூக்கும் முன்னே நிற்கும் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு அடிக்கச் சொல்வதுண்டு. அது தரிசுக்கான வைத்தியம், வீட்டுக் கொல்லைக்கு இல்லை.

வாசற்படி இடுக்கு, நடைபாதைச் சந்துக்கு அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர் போதும். 10 நாள் இடைவெளியில் மூன்று தடவை. செருப்பு போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

கேள்வி: செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி. எத்தனை தடவை அடித்தாலும் வாரத்தில் திரும்பிவிடுகிறது. எறும்பும் நிறைய.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டிவிடும். முதலில் சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்குள் செங்கல் வைத்து அதன்மேல் தூக்கி வையுங்கள், எறும்பு ஏற வழியில்லாமல் போகும். தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்றாவிட்டால் கொசு வரும்.

அடுத்து, பஞ்சு அப்பிய நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். குப்பையில் எறிந்தால் நடந்து திரும்பிவிடும். மிச்சத்தைக் குழாய் வேகத்தில் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மேலே சொன்ன 5 மில்லி வேப்பெண்ணெய்க் கலவையை இலையின் அடிப்புறம், கணு, மொட்டுக் காம்பு நனைய அடியுங்கள். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருப்பதால் எந்த மருந்தும் அவற்றைத் தொடாது. 6 நாளுக்கு ஒருமுறை, நான்கு சுற்று அடித்தால்தான் பொரித்து வருகிற குஞ்சுகள் மாட்டும். இரண்டு சுற்றோடு நிறுத்துவதால்தான் திரும்புகிறது.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் அதைவிடப் பெரிதாக, விறுவிறுவென்று நடக்கிற ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. உடம்பில் வட்ட ஓட்டையோடு காய்ந்து கிடக்கும் மாவுப்பூச்சிகளையும் அப்படியே விடுங்கள், அதற்குள்ளிருந்து ஒட்டுண்ணிக் குளவி வெளிவந்திருக்கிறது. 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டு மாநிலம் முழுக்கப் பப்பாளியையும் மல்பெரியையும் அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது அப்படியொரு குளவிதான். 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அதன் பெயர் அசிரோஃபாகஸ் பப்பாயே.

கேள்வி: 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் பாதியில் அடைத்துக்கொள்கிறது. ஒரே ஸ்பிரேயரில் களைக்கும் செடிக்கும் அடிக்கலாமா?
– வாசகர், மாதவரம்

பதில்: அடைப்பு மூன்று இடத்தில் இருக்கும்: டேங்க் வாய் வலை, கைப்பிடிக்குள் இருக்கும் சல்லடை, நாசில் துளை. பலர் மூன்றாவதை மட்டும் பார்க்கிறார்கள். பஞ்சகவ்யா, மோர்க் கரைசல் ஊற்றினால் மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். நாசிலை வாயால் ஊதாதீர்கள், கம்பியாலும் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் மருந்து கூடுதலாகப் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கைப்பிடியில் ஒழுகினால் உள்ளே உள்ள ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், சில ரூபாய்தான்.

ஒரே ஸ்பிரேயர்? கூடவே கூடாது. குழாயின் உள்சுவரில் ஒட்டிய 2,4-டி மிச்சமே தக்காளிக்கும் வெண்டைக்கும் போதும். தனி ஸ்பிரேயர் வாங்கிச் சிவப்புப் பெயின்டில் பெரிதாகக் "களை" என்று எழுதுங்கள். வாடகை ஸ்பிரேயர் எடுத்து வந்தால் அதில் முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாது. களைக்கு எடுங்கள், செடிக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: தென்னை ஓலை கறுப்பாகிவிட்டது. கீழே நிற்கும் மாதுளை, கார் கண்ணாடி எல்லாம் பிசுபிசுப்பு. ஆலைப் புகையா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பிசுபிசுப்பு இருந்தால் புகை இல்லை. ஓலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக வட்டம் போட்டிருக்கும். சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரியவந்தது. அது கசியும் தேன்மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கறுப்பு. எட்டுகிற ஓலைகளின் அடிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடியுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரத்தில் 6 அடி உயரத்தில் கட்டுங்கள். கறுப்புக்கு மைதாப் பசை: லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா, கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டி, இலையின் மேற்புறத்தில் அடிக்கவும். காய்ந்ததும் அப்பளம்மாதிரி உரிந்து கறுப்பையும் எடுத்துக்கொண்டு விழும். ரசாயனப் பூச்சிமருந்து அடித்தால் இந்த ஈயைக் கொல்லும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும்.

கேள்வி: மீன் கழிவு இங்கே சும்மா கிடைக்கிறது. மீன் அமிலம் செய்தேன், புழு வைத்து நாறிவிட்டது.
– வாசகி, காசிமேடு

பதில்: வெல்லம் குறைவாகப் போட்டிருப்பீர்கள். கழிவும் நாட்டு வெல்லமும் எடைக்கு எடை: ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. கண்ணளவு போடாமல் நிறுத்துப் போடுங்கள். கழிவை உப்புப் போகக் கழுவி வடித்துச் சிறிதாக வெட்டி, தண்ணீர் ஊற்றாமல் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால்வரை நிரப்பி மூடி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விடாவிட்டால் டப்பா உப்பி வெடிக்கும். 30 நாள் ஆனதும் தேன் நிறத்தில், பழவாடையோடு வடியும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, மாலையில், மாதம் இரண்டு தடவை செடிக்கு அடியுங்கள். ஐஸ்பெட்டியில் உப்புப் போட்டு வைத்த மீனின் கழிவு வேண்டாம். கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ரோஜாவில் சாம்பல் நோய். நேற்று வேப்பெண்ணெய் அடித்தேன். இன்று கந்தகம் அடிக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். எண்ணெய் காயாத இலையில் கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும். 15 நாள் கழித்து, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறும் முன் அடியுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகமே வேண்டாம். அதுவரை நோய் பட்ட இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. ஒரு தடவைக்கு மேல் மிஞ்சாத அளவு சிறிய பாட்டிலாக வாங்குங்கள், அதன் லேபிளோடேயே பூட்டி வையுங்கள். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்போ மஞ்சளோ என்றால் அந்த மருந்து வீட்டுத் தோட்டத்துக்கு உரியதல்ல, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உப்புக்கரைசல் கொடுக்காமல், 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கையில் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.